‘டெட்’ என்ற சொல்லில் ‘பி’ எதற்கு?

சுவடிப்பித்தன்: கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல், பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ (b) இல்லை, ‘டி, இ, டி, டி, இ’ (dette) என்றே எழுதினார்கள். லத்தீன் மோகம் தலைக்கேறிய 16ஆம் நூற்றாண்டில்தான், மூலச்சொல் ‘டெபிட்டம்’ (debitum) என்பதைக் காட்டுவதற்காக, யாரும் உச்சரிக்காத அந்த எழுத்தை நுழைத்தார்கள். பழைய வடிவமே நேர்மையானது என்பது என் கருத்து.

அச்சுக்கோப்பவர்: பழையது என்றால் எந்தப் பழையது, நண்பரே? 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தைப் பாருங்கள்: ‘அப்பான்’ (upon) என்ற சொல் ‘வி’யில் தொடங்கும். ‘ஹேவ்’ (have) என்ற சொல்லிலோ நடுவில் ‘யு’ நிற்கும், ஏனெனில் சொல்லின் முதலில் ‘வி’, மற்ற இடங்களில் ‘யு’ என்பதே அக்கால வழக்கம். ஒலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மேலும், நீங்கள் பழிக்கும் ‘பி’ இருப்பதால்தான் அந்தச் சொல்லுக்கும் நம் வங்கிக் கணக்கில் வரும் ‘டெபிட்’டுக்கும் உள்ள உறவு கண்ணில் படுகிறது.

சுவடிப்பித்தன்: உறவு காட்டுவதுதான் நோக்கம் என்றால் தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லுக்கு என்ன சொல்வீர்கள்? அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீன் ‘இன்சுலா’வுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘எஸ்’ இல்லாமல் எழுதிவந்த அதை, தீவைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘ஐல்’ உடன் குழப்பிக்கொண்டு ‘எஸ்’ சேர்த்துவிட்டார்கள். ரசீதைக் குறிக்கும் ‘ரிசீட்’, ஏமாற்றைக் குறிக்கும் ‘டிசீட்’ இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றே. முன்னதற்கு மட்டும் ஒலிக்காத இன்னொரு ‘பி’ (p) ஒட்டிக்கொண்டது, பின்னது தப்பித்தது. இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?

அச்சுக்கோப்பவர்: ‘ஐலண்ட்’ பிழை என்பதை மறுக்கவில்லை. ஆனால் திருத்தியவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் ‘மியூசிக்’ ‘கே’யில் முடிந்தது. அமெரிக்காவில் அகராதியாளர் நோவா வெப்ஸ்டர் அந்தக் ‘கே’யை வெட்டினார், பிரிட்டனிலும் அது உதிர்ந்தது. அதே வெப்ஸ்டர் நாக்கைக் குறிக்கும் ‘டங்’ என்ற சொல்லை ‘டி, யு, என், ஜி’ (tung) என்று எழுதச் சொன்னபோது அவருடைய நாட்டவரே கேட்கவில்லை. வழக்கு ஏற்றால்தான் எழுத்து நிற்கும்.

சுவடிப்பித்தன்: வழக்கு ஏற்றது என்பதால் பிழை சரியாகிவிடாது. உங்கள் ‘டெபிட்’ வாதத்துக்காக அந்தப் ‘பி’யை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், ‘ஐலண்ட்’டின் ‘எஸ்’ஸை விடமாட்டேன்.