பெண்டிங் மெஷின்காரருக்கு அனிமேஷன் காட்டலாமா?

கோட்டுக்காரன் (புக்கிட் மின்யாக்)
போன வாரம் எங்கள் பட்டறையில் நடந்தது. 1.5 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் ஒரு கண்ட்ரோல் பெட்டி. நாலு பக்கமும் 80 மில்லி சுவர், ஒவ்வொரு சுவரின் நுனியிலும் 12 மில்லி உள்மடிப்பு. இரவு ஷிப்டில் இருந்த பையன் சுவரை முதலில் மடித்துவிட்டான். பிறகு உள்மடிப்புக்கு வந்தால், அடித்தகடு நிமிர்ந்து வந்து, மெஷினில் மேலிருந்து இறங்கும் ராமில் முட்டுகிறது. எட்டுத் தகடு வீண்.

"உள்மடிப்பு முதலில்" என்று வரைபட ஓரத்தில் மலாயில் எழுதியிருந்தேன். பையன் வங்காளதேசத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவன் மேல் தப்பில்லை. அதனால் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வரைபட மென்பொருளில் இரண்டு நாள் உட்கார்ந்து, தகடு மடிந்து பெட்டியாகி மூடி பூட்டுவது வரை அரை நிமிட அனிமேஷன் செய்து இங்கே போட்டிருக்கிறேன். இனிமேல் புது வேலை எது வந்தாலும் இப்படி ஒன்று கூடவே போக வேண்டும் என்கிறேன். முதலாளி வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பிறை_பட்டறை
தம்பி, நீங்க போட்ட வீடியோவைப் பார்த்தேன். நான் 22 வருஷமா இந்த மெஷின்ல நிக்கிறவன். உங்க படத்துல நாலு சுவரும் தாமரை கூம்புற மாதிரி ஒண்ணா எழும்புது. எந்த மெஷின்ல அப்படி எழும்பும்?

இன்னொண்ணு. படத்துல அடித்தகடு அசையாம கிடக்குது, சுவர் மட்டும் மேல வருது. மெஷின்ல மேல இருக்கிற பஞ்ச் இறங்கி, கீழ இருக்கிற பள்ளமான டைக்குள்ள தகட்டை அழுத்தினா, டைக்கு ரெண்டு பக்கமும் தகடு எழும்பும். பெரிய பக்கம் என் கையில இருக்கும், அது நெஞ்சு உயரத்துக்கு வரும்போது நான் கூடவே தூக்கிக்கிட்டுப் போகணும். புதுப் பையன் உங்க படத்தைப் பார்த்துட்டு, தகடு சும்மா கிடக்கும்னு கையை வச்சா தாடையில அடிக்கும். அடி வாங்கினவனை நான் பார்த்திருக்கேன்.

எந்த ஓரத்தை பேக் கேஜ்ல, அதாவது தகட்டை அளவுக்கு நிறுத்துற பின்பக்கத் தடுப்புல, முட்டணும்? அதுவும் உங்க படத்துல இல்ல. என் வேலையில பாதி அதுதான். ஒவ்வொரு மடிப்புக்கும் வேற ஓரத்தை முட்டினா பிசகு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, கடைசியில மூடி உட்காராது. தப்பா சொல்ற படத்தைவிட படமே இல்லாம இருக்கிறது நல்லது.

சாலிட்_தோழி (பூச்சோங்)
அண்ணன் சொல்வதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்ஜ் பிளேஞ்ச் (ஓரத்தில் சுவர் எழுப்பும் கட்டளை) கோணத்தை 1 டிகிரியிலிருந்து 90 வரை ஓட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிளேஞ்ச் நீளத்தை வெளி அளவாகக் கொடுத்திருந்தால், கோணம் மாற மாறத் தகட்டின் மொத்த நீளமும் மாறும். உள் ரேடியஸ் 1.5, கே-பேக்டர் (மடிக்கும்போது நீளம் மாறாத கோடு தகட்டின் தடிமனில் எங்கே இருக்கிறது என்ற விகிதம்) 0.44 என்றால் வளைவுக்குள் போகும் நீளம் 3.39 மில்லி. வெளி அளவில் வளைவின் இரண்டு பக்கமும் கழிய வேண்டியது 3, 3 மில்லி. ஆக ஒரு மடிப்புக்கு 2.61 மில்லி வித்தியாசம். உங்கள் பெட்டியில் குறுக்கே நாலு மடிப்பு. முதல் பிரேமில் தெரியும் விரிந்த தகடு, வெட்ட வேண்டிய தகட்டைவிட 10 மில்லிக்கு மேல் நீளம். யாராவது அதை அளந்து லேசரில் வெட்டிவிட்டால்?

தட்டைத் தகட்டை முதலில் சரியான அளவில் வரைந்து, ஸ்கெட்ச்டு பெண்டு (கோடு போட்ட இடத்தில் மடிக்கும் கட்டளை) போட்டு அதன் கோணத்தை மாற்றுங்கள். நீளம் மாறாது. சாலிட்வொர்க்ஸின் அனிமேஷன் பகுதியான மோஷன் ஸ்டடியில், நேரத்துக்கு நேரம் அளவை மாற்றும் கீயைப் பாகத்தின் கோணத்துக்கு நேராகப் போட வராது. அதனால் நான் 5 டிகிரிக்கு ஒரு கான்பிகரேஷன் (அதே பாகத்தின் வேறொரு நிலை) வைத்து, ஒன்றை மறைத்து அடுத்ததைக் காட்டுவேன். இன்வென்டர் என்ற வேறொரு மென்பொருளில், ஸ்டூடியோவுக்குள் பாராமீட்டரையே (கோண அளவையே) அனிமேட் செய்யலாம், வேலை பாதிதான்.

ஷிப்ட்_பி
புது மெஷின்களின் கண்ட்ரோலரே மடிப்பு வரிசையையும் எங்கே முட்டும் என்பதையும் 3டியில் காட்டுகிறது. இதற்கு ஏன் இரண்டு நாள்?

கோட்டுக்காரன்
எங்கள் மெஷினில் இரண்டு அச்சின் எண் மட்டும்தான் தெரியும். புதிது வாங்கும் பேச்சே இல்லை.

தோழி, அளந்து பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான். ஸ்கெட்ச்டு பெண்டுக்கு மாற்றுகிறேன். அண்ணே, ஒவ்வொரு மடிப்பாகக் காட்டவும், டையில் வைத்துத் தகடு இரண்டு பக்கமும் எழும்பும்படி செய்யவும் எனக்கு இன்னும் ஒரு நாள் போதும். ஆனால் படமே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சுவரில் ஆறு பெம் நட் (தகட்டின் துளையில் அழுத்திப் பதிக்கும் நட்டு) இருக்கிறது. மடித்த பிறகு அழுத்த முடியாது, பிரஸ் உள்ளே நுழையாது. இதை அந்தப் பையனுக்கு எந்த மொழியில் எழுதுவேன்? நட் உட்காருகிறது, பிறகு தகடு மடிகிறது என்று கண்ணால் பார்த்தால் அவனுக்குப் புரியும்.

பிறை_பட்டறை
நட்டு விஷயம் சரிதான் தம்பி. மடிச்சப்புறம் கண்டுபிடிச்சு, கையால ரிவெட் நட்டு போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்த அனுபவம் எனக்கும் உண்டு. வரிசையைக் காட்டுறதுக்குப் படம் வேணும், அதை ஒத்துக்கிறேன்.

வளைவைக் காட்டுறதுலதான் எனக்கு ஒப்பல. நீங்க ரேடியஸ் 1.5னு வரைஞ்சுட்டீங்க. 1.5 தகட்டுக்கு நான் போடுறது 12 மில்லி அகல V பள்ளம் உள்ள டை. காத்துல, அதாவது தகடு டையோட அடியில படாம, மடிக்கும்போது உள் ரேடியஸ் அந்த V அகலத்துல ஆறுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 2 வரும். பஞ்ச் நுனி ரேடியஸ் அதைவிடச் சின்னதா இருந்தாலும் அதுதான். 90ல விட்டா தகடு திரும்பி வரும், அதனால 88க்கு இறக்கி விடுறேன். உங்க கணக்குல இதெல்லாம் இருக்கா? வரையறதுக்கு முன்னாடி மெஷின்ல எந்த டை இருக்குன்னு வந்து கேளுங்க.

அப்புறம், மெஷின் பக்கத்துல கைப்பேசி வேண்டவே வேண்டாம். கண்ணு கையில இருக்கணும். ஷிப்ட் தொடங்குறதுக்கு முன்னாடி மேசையில வச்சு ரெண்டு தடவை ஓட்டிக் காட்டுங்க. கேஜ்ல முட்டுற ஓரத்துக்கு சிவப்பு அடிச்சிடுங்க, அதை மட்டும் மறந்துடாதீங்க.