ஸ்டேட்டா: அப்பெண்ட் செய்து சேவ் பண்ணினால் தமிழ்நாடு உத்தரப் பிரதேசம் ஆகிறது

வைகைப்பொண்ணு:
வணக்கம். முனைவர் பட்டத்துக்காகப் பெண்களின் ரத்தசோகை பற்றிப் பார்க்கிறேன். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் என்எஃப்எச்எஸ்-4 (தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்று) பெண்கள் கோப்பைத் திறந்து, ஐந்தாம் சுற்றான என்எஃப்எச்எஸ்-5 கோப்பை அதன் கீழே சேர்த்து (அப்பெண்ட் செய்து) சேவ் பண்ணினேன். மொத்த எண்ணிக்கை சரியாக வருகிறது: 6,99,686-உம் 7,24,115-உம் சேர்ந்து 14,23,801. ஆனால் ஐந்தாம் சுற்றுக்கு மட்டும் மாநிலத்தைக் குறிக்கும் வி024 மாறியை டேபுலேட் செய்து எண்ணிப் பார்த்தால் தமிழ்நாட்டில் சொற்பப் பேர்தான், உத்தரப் பிரதேசத்தில் வெறும் 25,650. கோப்பே பழுதா?

இன்னொன்று. கட்டளைகளை எழுதி வைத்த டூ ஃபைலை இரண்டாம் தடவை ஓட்டினால் சேவ் வரியில் 602 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடுகிறது. பழைய கோப்பின் மேலேயே எழுதும் ரீப்ளேஸ் போட்டுவிடலாமா?

ஆர்பக்தன்:
ஸ்டேட்டாவை விட்டு ஆர் (R) மென்பொருளுக்கு வந்துடுங்க. ஸ்டேட்டா கோப்பைத் திறக்க ஹேவன் பேக்கேஜ்ல ரீட்_டிடிஏ, வேலை முடிஞ்சது.

குறியீட்டக்கா:
ஆருக்குப் போனாலும் இதே பள்ளம் அங்கேயும் இருக்கு தம்பி. லேபிள் முரண்படுதுன்னு ஒரு எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வைகைப்பொண்ணு, 25,650-ஐப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. என்எஃப்எச்எஸ்-5-க்காகத் தமிழ்நாட்டில் பேட்டி எடுத்த பெண்களோட எண்ணிக்கை அது, மாநில அறிக்கையிலேயே இருக்கும். ஆட்கள் எல்லாரும் அப்படியே இருக்காங்க. மேலே மாட்டின பெயர்ப்பலகைதான் வேற.

வி024-க்குள்ள ஸ்டேட்டா வெச்சிருக்கறது வெறும் எண். எந்த எண்ணுக்கு எந்த மாநிலம்ங்கற பட்டியல் தனியா, வேல்யூ லேபிளா, அந்தந்தக் கோப்போடயே வரும். நாலாம் சுற்றில் மாநிலங்களுக்கு ஏறக்குறைய ஆங்கில அகரவரிசையில எண் போட்டாங்க: தமிழ்நாடு 31, உத்தரப் பிரதேசம் 33. அஞ்சாம் சுற்றில் சென்சஸ் குறியீட்டுக்கு மாறிட்டாங்க: தமிழ்நாடு 33, உத்தரப் பிரதேசம் 9, லட்சத்தீவு 31. ரெண்டு கோப்பிலயும் லேபிளோட பெயர் ஒண்ணுதான். அப்பெண்ட் பண்றப்ப ஏற்கெனவே மெமரியில இருக்கற பட்டியல்தான் ஜெயிக்கும். நீங்க நாலைத்தான் முதல்ல திறந்தீங்க. அதனால நம்ம ஊர்ப் பெண்கள் 25,650 பேரும் உ.பி.க்குக் குடிபோயிட்டாங்க. தமிழ்நாடுன்னு தெரியற அந்தச் சொற்பப் பேர் லட்சத்தீவுக்காரங்க. லேபிள் ஏற்கெனவே இருக்குன்னு ஸ்டேட்டா சொல்லத்தான் செய்யும். ஆனா இந்தக் கோப்புகள்ல அந்த மாதிரி வரிகள் பக்கம் பக்கமா ஓடும், யார் படிக்கறாங்க?

அதனால சேர்க்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு கோப்பிலயும் தனித்தனியா டீகோட் போட்டு எண்ணைப் பெயராக்கிடுங்க:

யூஸ் கேஸ்ஐடி வி005 வி012 வி024 வி457 யூசிங் "மூலம்/சுற்று4.டிடிஏ", கிளியர்
டீகோட் வி024, ஜென்(ஸ்டேட்)
டிராப் வி024
ஜென் ரவுண்ட் = 4
கம்ப்ரஸ்
சேவ் "வேலை/பெண்கள்4.டிடிஏ", ரீப்ளேஸ்

அஞ்சுக்கும் இதையே செஞ்சுட்டு அப்பெண்ட். முதல் வரியைக் கவனிங்க, யூசிங்குக்கு முன்னாடி வேண்டிய மாறிகளை மட்டும் எழுதியிருக்கேன் (வி005 எடை, வி012 வயது, வி457 ரத்தசோகை நிலை). இந்தக் கோப்பில ஆயிரக்கணக்கில மாறிகள் இருக்கு. 2,048 மாறி வரைக்கும் எடுக்கற ஸ்டேட்டா பிஇ பதிப்பில முழுசா திறக்கவே திறக்காது, இப்படிக் கேட்டா திறக்கும். மத்த லேபிள்களையும் நம்பிடாதீங்க, வி457-ல எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு சுற்றிலயும் கோட்புக் கட்டளை போட்டுப் பார்த்துக்கங்க.

602-னா அந்தப் பெயர்ல கோப்பு ஏற்கெனவே இருக்குன்னு அர்த்தம். ரீப்ளேஸ் போட பயப்பட வேண்டாம், போடாம டூ ஃபைல் மறுபடி ஓடாது. ஆனா அது வேலை ஃபோல்டருக்கு மட்டும். மூலம் ஃபோல்டர்ல இருக்கறதையெல்லாம் விண்டோஸ்லயே ரீட் ஒன்லி ஆக்கிடுங்க. கோப்புப் பெயர் இல்லாம வெறும் "சேவ், ரீப்ளேஸ்"னு எழுதற பழக்கம் யாருக்கும் வேண்டாம். எந்தக் கோப்பு கடைசியா திறந்திருக்கோ அதன் மேலேயே ஏறி உட்காரும்.

வைகைப்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, ஐந்தாம் சுற்றில் தமிழ்நாடு 25,650 என்று வந்துவிட்டது. ஆனால் இப்போது டெல்லி இரண்டாக வருகிறது, லடாக் ஒரு சுற்றில் மட்டும் இருக்கிறது. இன்னொரு சிக்கல், மாவட்டப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கோப்பை அனுப்ப வேண்டிய என் கைடு கணினியில் இருப்பது ஸ்டேட்டா 13.

குறியீட்டக்கா:
டெல்லி வெறும் பெயரை எழுதின விதத்தில வித்தியாசம், ஒரு ரீப்ளேஸ் வரியில சரியாயிடும். லடாக் அப்படி இல்ல, 2019-ல் அதைத் தனி யூனியன் பிரதேசமா பிரிச்சாங்க. ரெண்டு சுற்றையும் ஒப்பிடணும்னா ஜம்மு காஷ்மீரோட சேர்த்துத்தான் பார்க்கணும். டாமன் டையூ, தாத்ரா நகர் ஹவேலிக்கும் அப்படித்தான், அங்கே ரெண்டு ஒண்ணாயிருக்கு. மாவட்டம் இன்னும் மோசம்: நாலில் 640, அஞ்சில் 707. பெயரை வெச்சு இணைக்கப் போகாதீங்க.

13-க்குத் தமிழ் மாதிரி எழுத்துகளைக் காட்டற யூனிகோட் தெரியாது, அது 14-ல்தான் வந்துச்சு. "தஞ்சாவூர்" உங்க கணினியில யூனிகோட் குறிகளை எண்ணற யூஎஸ்டிஆர்லென் கேட்டா 9, பைட்டை எண்ணற எஸ்டிஆர்லென் கேட்டா 27 பைட். அந்த 27 பைட்டும் 13-ல் கிறுக்கலாத்தான் தெரியும். சாதாரண சேவ்ல போட்டதை 13 திறக்கவே திறக்காது. கைடுக்குன்னு தனிப் பிரதி எடுங்க, தமிழ்ப் பெயரை டிராப் பண்ணி மாவட்ட எண்ணை மட்டும் வெச்சு:

சேவ்ஓல்ட் "அனுப்ப/பெண்கள்13.டிடிஏ", வெர்ஷன்(13) ரீப்ளேஸ்

உங்க சொந்தக் கோப்பில தமிழ் அப்படியே இருக்கட்டும்.