மதர்போர்டு மாறினால் கிராபிக்ஸ் கார்டின் ஓவர்கிளாக் மாறுமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு. ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் வேகத்தை 80 மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே விளையாட்டு பாதியில் நின்று டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. இதே கார்டைத் தம்பியின் கணினியில் போட்டுப் பார்த்தேன். அங்கே 140 வரை கூட்டி, இரண்டு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

என் மதர்போர்டு பழைய எச்110 வகை. கார்டின் மின்சாரத்தைச் சீராக்கும் விஆர்எம் கார்டிலேயே இருக்கிறது, கார்டு எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற பவர் லிமிட்டும் அதன் பயாஸில்தான் (கார்டிலேயே பதிந்த மென்பொருள்) இருக்கிறது. அதனால் போர்டுக்கு இதில் பங்கில்லை என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகவும் கார்டு 75 வாட் வரை எடுக்கலாமே! 2016இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு அந்த அளவைத் தாண்டி இழுத்ததால் டிரைவரை மாற்ற வேண்டி வந்தது நினைவிருக்கும். பழைய போர்டில் ஸ்லாட்டுக்கு வரும் 12 வோல்ட் சரிந்தால் கார்டு தடுமாறுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட், ஆறு வருடப் பழசு. தம்பியுடையது புதிய 650 வாட். லோடில் என்னுடைய 12 வோல்ட் 11.6 என்று காட்டுகிறது. அனுமதிக்கப்பட்ட 5 சதவீத வரம்புக்குள்தான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

கையில் உள்ள பணத்துக்கு ஒன்றைத்தான் மாற்ற முடியும். போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா? போர்டை மட்டும் மாற்றி வித்தியாசம் கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.