சாரல் தொடங்கியதும் மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர், ஆர்சிசிபி டிரிப் ஆகிறது

தோப்புக்காரர், புளியரை:
தென்னந்தோப்பில் ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் போர் மோட்டார். ஸ்டார்ட்டர், எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் ஐபி 65 (தூசி, தண்ணீர் தடுக்கும் தரம்) பிளாஸ்டிக் பெட்டியில், ஷெட்டின் வெளிச்சுவரில் இருக்கின்றன. ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் வர ஆரம்பித்ததும், காலையில் மோட்டார் போட்டால் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது. வெயில் ஏறினால் விழாமல் நிற்கிறது. பெட்டிக்குள் ஈரம். சப்ளை வரும் பிவிசி பைப் மேலே நுழைகிறது, போர் கேபிள் கீழே கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி ஓட்டையை அடைக்கும் பூட்டு) வழியாகப் போகிறது. வயரிங் செய்தவர் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்கிறார். செய்யலாமா? இல்லை, பெட்டியை மாற்றவா?

ஒயர்மேன், செங்கோட்டை:
அண்ணாச்சி, ஆர்சிசிபியைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஈரத் தரையில் நின்று சுவிட்சைத் தொடும் இடம் அது. கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது என்றுதான் அது விழுகிறது. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

பெட்டியும் மாற்ற வேண்டாம். ஐபி தரத்தைச் சொல்லும் ஐஎஸ்/ஐஈசி 60529 கணக்கில், 65-ல் உள்ள 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். ஓட்டை போட்டுவிட்டால், அதே தரத்தில் கிளாண்டோ அடாப்டரோ இறுக்கினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். மேலே சும்மா பைப்பைச் செருகியிருந்தால் மழை நேராக எம்சிபி தலையில் இறங்கும். அந்த ஓட்டையை ரப்பர் வாஷர் வைத்த பிளக்கால் அடைத்து, பைப்பைக் கீழே கொண்டுவந்து, வாஷரும் லாக்நட்டும் உள்ள அடாப்டரில் ஏற்றுங்கள். பைப் ஐஎஸ் 9537 முத்திரை உள்ள மின்பைப்பாக இருக்கட்டும், தண்ணீர் பைப் வேண்டாம்.

போர் கேபிள் தட்டையானதா? உருண்டைக் கிளாண்டில் தட்டைக் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு ஓரமும் சந்து நிற்கும். தட்டைத் துளை போட்ட ரப்பர் சீல் கேட்டு வாங்குங்கள். கேபிள் பெட்டிக்குள் ஏறும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

புனலூர் தமிழன்:
மூடியின் உட்புறம் முழுக்கத் துளித்துளியாக இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, பெட்டிக்கு வியர்க்கிறது. மண்ணுக்குள்ளிருந்து வரும் பைப்பில் ஈரக்காற்று ஏறி, இரவில் குளிர்ந்த மூடியில் படியும். சிலிகான் பூசி எல்லாவற்றையும் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பைப் வாயை மட்டும் டக்ட் சீல் மாவால் அடைத்து, பெட்டி அடியில் பிரீதர் டிரெயின் பிளக் (காற்றையும் தேங்கும் ஈரத்தையும் வெளியே விடும் அடைப்பு) போடுங்கள்.

தோப்புக்காரர், புளியரை:
மூடியில் துளி இல்லை. மேல் ஓட்டையிலிருந்து எம்சிபி வரை வழிந்த தடம் தெரிகிறது, அடியில் எர்த் ஸ்ட்ரிப் பக்கம் தேங்கியிருக்கிறது. கேபிள் தட்டைதான். பிரீதருக்காக அடியில் துளை போட்டால் ஐபி தரம் போகாதா?

ஒயர்மேன், செங்கோட்டை:
வெறும் துளை என்றால் போகும், எறும்பும் பல்லியும் வரும். பிரீதர் பிளக்குக்கே ஐபி தரம் எழுதியிருக்கும், பெட்டிக்கு ஈடானதாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் தடம் மழைதான், அதனால் முதலில் மேல் ஓட்டை.

மெயினை அணைத்து, டெஸ்ட் லேம்பில் சப்ளை இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். உள்ளே துடைத்துக் காய வைத்து, பச்சை பிடித்த டெர்மினல் இருந்தால் மாற்றுங்கள். போர் கேபிளை ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்து, கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் (ஒயருக்கும்) எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கோளாறு கேபிள் ஜாயிண்டிலோ மோட்டாரிலோ இருக்கிறது, பெட்டியை மட்டும் சரிசெய்து பயனில்லை. மெக்கர் உள்ள, லைசென்ஸ் எடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் அண்ணாச்சி. அதுவரை மோட்டார் போட வேண்டாம்.