சமயத் தலைவர் எதுவரை இளகலாம்?

கொட்டாஞ்சேனைவாசி:
2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்ததையடுத்து, கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை ஞாயிறு திருப்பலிகளை (கத்தோலிக்க ஆலய வழிபாட்டை) இடைநிறுத்தினார். ஏப்ரல் 28 அன்று தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் அவர் நிறைவேற்றிய திருப்பலி தொலைக்காட்சி வழியாக மக்களைச் சென்றடைந்தது. "பயந்து கதவடைத்தார்கள்" என்று இன்றும் சிலர் பேசுவதால் எழுதுகிறேன். ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடனை விதித்த அதே திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 87ஆம் விதி, விசுவாசிகளின் ஆன்ம நலனுக்கு உதவுமெனக் கண்டால் பொதுச் சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை ஆயருக்குக் கொடுத்திருக்கிறது. விதி விட்டுவைத்த இடத்தையே அவர் பயன்படுத்தினார்.

மட்டக்குளி அன்பர்:
அந்த ஞாயிறு குறித்து எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. என் கவலை அதற்குப் பிந்தியது. 2020இல் கொவிட் பரவியபோது ஆலயங்கள் மூடப்பட்டுத் திருப்பலி கைப்பேசிக்குள் வந்தது. கதவுகள் திறந்த பின்னரும், கையில் தேநீருடன் சாய்ந்திருந்து திருப்பலி 'பார்க்கின்ற' குடும்பங்கள் எங்கள் ஆலயப் பங்கில் இருக்கின்றன. திருப்பலியில் வழங்கப்படும் அப்பமான நற்கருணையைத் திரை வழியாக யாரும் பெற முடியாது. விலக்கு அளிப்பவர்கள் அது முடிந்துவிட்டது என்பதையும் அதே உரத்த குரலில் அறிவிக்க வேண்டாமா?

வெள்ளவத்தை வாசகன்:
இருவரும் எளிதான உதாரணங்களிலேயே நிற்கிறீர்கள். ஆபத்து வந்தால் எவரும் இளகுவர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் பொது வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருந்தும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முயன்றபோது, முன்னர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கமே முன்னின்று எதிர்த்தார். மரபு என்பதே அங்கு கேடயம். இன்றோ ஒலிபெருக்கிக்கும், கண்காணிப்புக் கமராவுக்கும், வங்கிக் கணக்கில் பணம் பெற்றுச் செய்யும் அர்ச்சனைக்கும் எந்தக் கோயில் பரிபாலன சபையும் ஆகமத்தைப் புரட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வருமானம் வரும் பக்கம் தாராளமாகவும், அதிகாரத்தைப் பகிர வேண்டிய பக்கம் கல்லாகவும் இருப்பதை நெகிழ்வு என்று எப்படி அழைப்பது?

கொட்டாஞ்சேனைவாசி:
நியாயமான குற்றச்சாட்டு. எனினும் அதற்கொரு அளவுகோல் இருப்பதாக நினைக்கிறேன். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்ய வேண்டுமா என்று திருத்தூதரும் மூப்பரும் எருசலேமில் கூடி விவாதித்தார்கள். நேரில் கண்டவர்களான பர்னபாவும் பவுலும் பேசியதைக் கேட்டார்கள். அந்தச் சுமையைச் சுமத்தாமல், சிலைகளுக்குப் படைத்ததை உண்ணாமை போன்ற சிலவற்றை மட்டும் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். முடிவைக் கடிதமாக எழுதியதோடு, விளக்கிச் சொல்ல ஆட்களையும் அனுப்பினார்கள். ஆகவே யாருடைய சுமை குறைகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மட்டக்குளி அன்பருக்கு ஒன்று: 2019 மே 12 அன்று ஞாயிறு திருப்பலிகள் மீண்டும் தொடங்கியபோது அதுவும் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது.

மட்டக்குளி அன்பர்:
2019 பற்றி நான் கேட்கவில்லை என்று முதலிலேயே சொன்னேன். உங்கள் அளவுகோலுக்கு வருவோம். தவக்கால நோன்பும் ஞாயிறு காலை எழுவதுங்கூட இன்று சிலருக்குச் சுமைதான், அவற்றையும் குறைப்பீர்களா? அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். விருத்தசேதனம் தேவையில்லை என்று வாதாடிய அதே பவுல், அப்பகுதி யூதர்களை முன்னிட்டுத் தம் இளைய உடனுழைப்பாளர் திமொத்தேயுவுக்கு அதைச் செய்வித்தார். ஒரே மனிதர், எதிரெதிரான இரண்டு முடிவுகள். இடமறிந்து தீர்மானிக்கும் பொறுப்பு தலைவருடையது. அளவுகோலை நீட்டி அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க முடியாது.

வெள்ளவத்தை வாசகன்:
நீங்கள் எடுத்துக்காட்டிய நிகழ்விலேயே, முடிவெடுத்தவர் மூத்தவர், வலியைத் தாங்கியவர் இளையவர். திமொத்தேயுவிடம் கேட்டார்களா என்று அந்த அதிகாரத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு வரியும் இல்லை. இங்குள்ள பரிபாலன சபைகளிலும் பங்குப் பேரவைகளிலும், முடிவின் விளைவை அனுபவிக்கப்போகும் இளைஞர்களும் பெண்களும் எத்தனை ஆசனங்களில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். தலைவரின் விவேகத்தைப் பற்றி அதன்பின் பேசலாம்.