வேலை போன பிறகு கல்லூரி மானியம்: ஃபாஃப்சாவோடு நின்றுவிடாதீர்கள்

கரிசல்மண்:
அமெரிக்காவில் வேலை இழந்த பலர் கல்லூரிப் படிப்புக்கான மத்திய அரசு நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவைப் போட்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு மானியமான பெல் கிராண்ட் இல்லை என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். 2025-26 படிவம் பார்ப்பது 2023 வருமானத்தை. நீங்கள் இப்போது சம்பளமில்லாமல் இருப்பது அதற்குத் தெரியாது. அதற்காகப் பழைய எண்ணை மாற்றிப் போடாதீர்கள், வரித்துறைக் கணக்கு நேராகவே வந்து சேரும். உள்ளபடி நிரப்பி அனுப்பிவிட்டு, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் 'ப்ரொஃபஷனல் ஜட்ஜ்மெண்ட்' கேளுங்கள், அதாவது உங்கள் இப்போதைய நிலையைப் பார்த்து வருமானக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள். சில இடங்களில் 'ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்சஸ்' படிவம் என்பார்கள்.

"நாங்கள் யாருக்கும் செய்வதில்லை" என்று ஒரேயடியாக மறுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஒவ்வொருவர் நிலையையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். ஆனால் அவர்கள் முடிவே கடைசி. கல்வித்துறைக்கு அப்பீல் கிடையாது.

இதைக் கேட்கும்போது பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, அன்எம்ப்ளாய்மெண்ட் (வேலையின்மை உதவித்தொகை) கடிதம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். அந்த மூன்றாவது கடிதம் 90 நாளுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்கட்டும். வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் தரும் செவரன்ஸ் தொகையை மறைக்காதீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யிலிருந்து பணம் எடுத்திருந்தால் அதுவும் வருமானமாக ஏறும், பலருக்கு இடிப்பது இங்கேதான்.

வேப்பங்காற்று:
ஒன்று சேர்க்கிறேன். பெல் (2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர்) பெரும்பாலும் இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்குத்தான். இந்தியாவில் வாங்கிய பி.இ., பி.எஸ்சி.யையும் சொல்லியாக வேண்டும், அது அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்கு ஈடா என்று கல்லூரி முடிவு செய்யும். அதை மறைத்து வாங்கினால் திருப்பிக் கட்ட நேரும். சிட்டிசன், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி நிலை பெற்றவர்கள் போடலாம். எச்1பி, எச்4 விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை.

தாமிரபரணி:
அப்படியானால் பட்டம் உள்ளவர்களுக்கு வழியே இல்லையா?

வேப்பங்காற்று:
இருக்கிறது. பக்கத்து அமெரிக்கன் ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு உதவி மையம்) 'டிஸ்லொகேட்டட் வொர்க்கர்', அதாவது வேலை இழந்தவர் என்று பதிந்து, டபிள்யூ.ஐ.ஓ.ஏ. என்ற மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி நிதி கேளுங்கள். பட்டம் தடையில்லை. மாநிலத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள படிப்புக்குத்தான் பணம் வரும், தொகை ஊருக்கு ஊர் மாறும். ஒப்புதல் கையில் வருமுன் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்ப வராது. முதலில் ஜாப் சென்டர், அப்புறம்தான் கல்லூரி.

கரிசல்மண்:
வகுப்பு தொடங்குமுன் மாநில அன்எம்ப்ளாய்மெண்ட் அலுவலகத்திடமும் பயிற்சிக்கு ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் இருந்தால் வேலை தேடும் நிபந்தனை தளரும். இல்லாவிட்டால், பகலில் வகுப்பில் இருப்பவர் வேலைக்குத் தயாராக இல்லை என்று வாராந்தரத் தொகையையே நிறுத்திவிடலாம்.

நடுவில் வேலை கிடைத்தால் வகுப்புகளை அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுமுன் முழுதாக விலகினால் பெல் தொகையில் ஒரு பங்கு அரசுக்குத் திரும்பும், அந்தப் பாக்கியைக் கல்லூரி உங்களிடம்தான் கேட்கும். ஒரு பாடத்தையாவது மாலை வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று நிதியுதவி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.