சூம் லென்சுக்கு ஒரு சொல்: பெருக்குவதா, இழுப்பதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வளையத்தைத் திருகிக் காட்சியைக் கிட்டேயும் அகலமாகவும் மாற்ற உதவும் சூம் லென்சுக்குத் தமிழ் கேட்டு நம் குழுவில் ஒரு வாரமாகக் கடிதங்கள் ஓடுகின்றன. இதுவரை வந்தவை (வில்லை என்றால் லென்சு): உருப்பெருக்கு வில்லை, தொலைவில்லை, மாறுகுவிய வில்லை, சேயண்மை வில்லை. ‘சூம் என்றே விட்டுவிடுங்களேன்’ என்று ஒரு குரல். நான் தாமதமாக வருகிறேன், காரணம் உண்டு. சொல்லை வீட்டில் உட்கார்ந்து தேடுவதைவிட, லென்சின் வளையத்தைத் திருகிக்கொண்டே தேடிப் பார்ப்போம் என்று 18–55, 70–300 லென்சுகள் இரண்டையும் (எண்கள் மி.மீ.யில் குவியத் தொலைவு; எண் ஏற ஏறக் காட்சி குறுகி, தூரத்துப் பொருள் பெரிதாகும்) பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூதப்பாண்டிப் பக்கம் வயலுக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி மழை விட்ட காலை. கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் நடவு முடிந்திருந்தது. நாற்றுகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் தாடகை மலை தலைகீழாகக் கிடந்தது. முதலில் 18-இல் வைத்து எடுத்தேன். வரப்பு, கொக்கு, வானம், குறுக்கே போகும் மின்கம்பி எல்லாம் படத்தில் இருந்தன. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாக நின்ற மலை மட்டும் தூரத்து மண்மேடு போல ஆகிவிட்டது. நாட்டுப்புறக் காட்சி எடுக்கும் எல்லோருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கம்தான். அப்புறம் பெரிய லென்சை மாட்டி, ரோட்டுக்குப் பின்வாங்கி வந்து, 200-க்குத் திருகினேன். தென்னைகளின் முதுகிலேயே மலை ஏறி நின்றது. மண்வெட்டியைத் தோளில் சாத்தியிருந்த பெரியவர் ஒருவர் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மலைய இழுத்துக் கொண்டாந்து வயல்ல போட்டுட்டியே மக்கா!”

அதற்குப் பிறகு வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் முன்னால் வந்த சொற்களுக்குப் பதில் சொல்லாமல் போவது முறையில்லை.

உருப்பெருக்கு வில்லை. இந்தச் சொல் பாதி வேலையைத்தான் சொல்கிறது. 18–55 லென்சை 18-இல் வைத்தால், என் கேமராவில் மூலைக்கு மூலை சுமார் 76 பாகைக் கோணம் உள்ளே வருகிறது. 55-க்குத் திருப்பினால் 29 பாகை. மற்ற லென்சில் 300-க்குப் போனால் 5 பாகைதான் மிஞ்சும். வளையம் கூட்டிக் குறைப்பது இந்தக் கோணத்தை. குறுகிய துண்டை அதே சட்டத்தில் பரப்புவதால் பொருள் பெரிதாகத் தெரிகிறது, சரி. அப்படியானால் 10–20 மி.மீ. என்று ஒரு சூம் விற்கிறதே, அது எதைப் பெருக்குகிறது? எந்தப் பக்கம் திருகினாலும் அது அகலக் காட்சிதான்.

‘பெருக்கு’ என்ற சொல் கடைக்காரரின் ‘எத்தனை எக்ஸ்?’ குழப்பத்தையும் வளர்த்துவிடும். 2018-இல் வந்த நிக்கான் பி1000 கேமராவுக்கு 125 மடங்கு என்று பெயர். பொருளை 125 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அதற்குப் பொருளில்லை. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு ஒப்பிட்ட கணக்கில் அதன் குவியத் தொலைவு 24-இல் தொடங்கி 3000-இல் முடிகிறது. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 125, அவ்வளவுதான். என் 70–300-க்கு இதே கணக்கில் நாலேகால் மடங்குதான் வரும். ஆனால் தேரூர்க் குளத்தில் கூழைக்கடாப் பறவையின் கண்ணைப் பிடிக்க அது போதுமாக இருக்கிறது.

தொலைவில்லை. எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் இதைத் ‘தொலைவு இல்லை’ என்றுதான் முதலில் வாசித்தேன். யோசித்தால் அழகான சிலேடை, விளம்பரத்துக்கு ஆகும். பொருள்தான் இடிக்கிறது. 300 மி.மீ.யிலேயே நிற்கும், திருக வளையமே இல்லாத லென்சும் தொலைவுக்கானதுதான், அது சூம் அல்ல. மேலே சொன்ன 10–20 சூம்தான், ஆனால் தொலைவுக்கு ஆகாது. இரண்டும் வெவ்வேறு குணங்கள், இரண்டு சொல் வேண்டும்.

மாறுகுவிய வில்லை. அறிவியல் சொல்லாக இதுதான் சரி என்று நம்மில் பலர் சாய்ந்திருக்கிறீர்கள். இங்கே ஒரு சிக்கல். குவியம் (படம் கூர்மையாக விழும் தூரம்) வேறு, குவியத் தொலைவு வேறு (ஈழத்து நண்பர்களுக்குக் குவியத்தூரம்). சூம் லென்சில் மாறுவது இரண்டாவது. முதலாவது மாறாமல் இருப்பதுதான் நல்ல சூமுக்கு அடையாளம்: திரைப்படக்காரர்கள் நடிகரின் கண்ணில் குவித்து வைத்துவிட்டு சூம் வளையத்தை முன்னும் பின்னும் திருகுவார்கள், கண் மங்காது. திருகும்போது குவியமும் நழுவும் லென்சுகள் உண்டு, ஒவ்வொரு முறையும் திரும்பக் குவிக்க வேண்டும். இன்றைய கேமராக்களில் தானியங்கிக் குவிப்பு அதை மறைத்துவிடுகிறது. ஆக, ‘மாறுகுவியம்’ என்ற பெயர் அந்த நழுவுகிற வகைக்குத்தான் பொருந்தும். அதற்கே வைத்துக்கொள்ளலாம், வீணாகாது.

சேயண்மை வில்லை. சேய்மையும் அண்மையும் சேர்ந்த சொல், காதுக்கு இனிமை. வரப்பில் நின்றுகொண்டு ‘கொஞ்சம் சேயண்மி’ என்று யாரும் சொல்லப் போவதில்லை.

சூம் என்றே விடலாம் என்ற குரலுக்கு எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆங்கிலக்காரர்கள் அந்தச் சொல்லை எங்கே பிடித்தார்கள் என்று பாருங்கள். விர்ரென்ற ஓசைக்கு வைத்த சொல். விமானத்தைத் திடீரென்று செங்குத்தாக எகிற வைப்பதை விமானிகள் அப்படிச் சொன்னார்கள். பிறகு லென்சுக்கு வந்தது. அசையாப் படக் கேமராக்களுக்கு 1959-இல் வந்த முதல் சூம் லென்சுக்குச் சூமார் என்றே பெயர் (36–82 மி.மீ.). ஜெர்மானியரோ பேச்சுவழக்கில் அதை ரப்பர் லென்சு என்பார்கள். யாரும் ஒளியியல் பாடப்புத்தகத்தைத் திறந்து பெயர் வைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் முனைவர் பட்டம் வாங்கிய சொல்லாகத் தேடுகிறோம்?

ஆகவே என் முன்மொழிவு: வினை முதலில், பெயர் அப்புறம். கிட்டே கொண்டுவருவது ‘இழு’, அகலத்துக்குப் போவது ‘விடு’. பட்டம் விட்ட கைக்கு இரண்டும் தெரியும். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் இழு, கம்பி வெளியே போகட்டும்.’ ‘விட்டு எடு, குளம் முழுசும் வேணும்.’ ‘இந்த லென்சில் இழுக்க இழுக்க ஒளி குறையும்’ (70-இல் ஒளித்துளை எஃப் 4 இருந்தது 300-இல் 5.6 ஆகிவிடும்; எண் ஏறினால் ஒளி குறைவு). ‘முழுக்க இழுத்தால் கை நடுக்கம் தெரியும், படம் பதியும் நேரம் நொடியில் 500-இல் ஒரு பங்கைத் தாண்ட விடாதே.’ ‘உச்சி வெயிலில் இழுக்காதே, கானல் ஆடும்.’ ஒன்றுகூட விளக்கம் கேட்கவில்லை. ‘பெருக்கு’ என்று மாற்றிப் படியுங்கள், விளக்குமாறுதான் ஞாபகம் வரும்.

நேர்மையாக ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் பார்த்த மாயத்தில் பாதி என் கால் செய்தது. தென்னைக்கு 30 மீட்டரில் நின்றவன் 300 மீட்டருக்குப் பின்வாங்கினால் தென்னை பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கு அந்த 270 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, அப்படியே இருக்கும். மலை எழுந்து நிற்பது அங்கேதான். அந்தக் குறுகிய துண்டை லென்சு சட்டம் நிறையக் கொடுத்தது, அவ்வளவே. நின்ற இடத்தில் நின்றுகொண்டு வளையத்தை மட்டும் திருகினால் தென்னையும் மலையும் சேர்ந்தே பெரிதாகும், ஒன்றையொன்று நெருங்காது. ‘இழு’ என்ற சொல் இதை மறைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சூம் என்ற சொல்லும் மறைக்கத்தான் செய்கிறது.

இனிப் பெயர். இங்கேதான் திண்டாட்டம். ‘இழுவில்லை’ என்று வினைத்தொகையாக வைத்தேன். வீட்டில் காட்டினால், ‘இழவு இல்லையா, யாருக்கு?’ என்றாள் மனைவி. போயிற்று. ‘இழுப்பு வில்லை’ என்றால் மூச்சிழுப்புக்கு மாத்திரை. வில்லை என்ற சொல்லிலேயே இந்த வம்பு இருக்கிறது: கற்பூர வில்லையும் ஜடைவில்லையும் நமக்கு நட்புதான், ஆனால் அகரத்தில் முடியும் சொல்லோடு சேர்ந்தால் எதிர்மறை வினை ஆகிவிடும். அகலக் காட்சி லென்சுக்கு ‘அகலவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். அது அகலவே அகலாது.

அதனால் ‘இழுவை வில்லை’ என்று பிரித்தே எழுதலாம் என்கிறேன். அதன் வளையம் இழுவளையம். அகலத்துக்கு அகல்வில்லை, தொலைவுக்கு நெடுவில்லை, ஒரே குவியத் தொலைவில் நிற்பதற்கு நிலைவில்லை. இந்தக் கணக்கில் என் 70–300 ஒரு நெடிய இழுவை வில்லை, 10–20 ஓர் அகல் இழுவை வில்லை. கைப்பேசியில் விரலால் விரிக்கும் டிஜிட்டல் சூமை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். அது படத்தின் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஊதுவது. 24 மெகாபிக்சலில் இரண்டு மடங்கு போனால் கையில் நிற்பது 6. அதற்கு வெட்டுப்பெருக்கு என்று பெயர் வைத்துவிடலாம். உருப்பெருக்கு என்று சொன்ன நண்பருக்கும் ஆறுதலாக இருக்கும்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே ‘இழுவை’ என்றதும் கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைப் படகுதான் கண்ணுக்கு வரும் என்று தெரியும். லென்சோடு சேர்த்துச் சொல்லும்போதும் அந்தக் கசப்பு ஒட்டுமா? ஒட்டும் என்றால் வினையை மட்டும் வைத்துக்கொண்டு பெயருக்கு வேறு பார்ப்போம்.